திராய்மடு வீடு: ஒரு மதிப்பீடு

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை, இலங்கையின் மட்டக்களப்புக் கரையோரத்தில் இருந்த எங்கள் ஊரான நாவலடியை அள்ளிச் சென்றது. அதன்பின் கிழக்குக் கரையோரத்தில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டுவதை அரசு தடை செய்ததால், எங்கள் குடும்பம் உள்ளே தள்ளி, திராய்மடுவில் வெளிநாட்டுத் திருச்சபை ஒன்றின் தன்னார்வலர்கள் கட்டித் தந்த வீட்டில் குடியேறியது.

வேலையின் தரத்தில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஆட்கள் மாறினாலும், ஊர் மேசனையே தலைமையாக வைத்து அவர் சொற்படி சீமெந்து குழைத்தார்கள். அத்திவாரம் இன்றுவரை அசையவில்லை, கூரை ஒழுகவில்லை. மதம் மாறும்படி எவரும் கேட்கவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்.

குசினிதான் பெருங்குறை. விறகடுப்பில் சமைக்கும் வீட்டுக்குப் புகைபோக்கி இல்லாத உள்குசினியை வரைந்தவர், அம்மாவிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். முதல் மாதத்திலேயே சுவர் கரியேறிப் போக, பின்வளவில் கிடுகுக் கொட்டில் போட்டுச் சமைத்தோம். உள்குசினியில் அப்பா வலைகளை அடுக்கினார். கடலோ தூரமாகிவிட்டது, அவர் விடியுமுன்னரே சைக்கிளில் புறப்பட வேண்டியிருந்தது. அதற்குத் தன்னார்வலர்களைக் குற்றம் சொல்ல முடியாது, காணியைத் தெரிவு செய்தவர்கள் அவர்களல்லர். ஐந்துக்கு நான்கு புள்ளிகள் கொடுப்பேன். கழித்த ஒன்று குசினிக்கு.