வலது கை கோட்டுக்கு இடது கையில் எந்தச் சுரம்?

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக்கொடுக்கிறேன். அநேகமாக எல்லாரும் ஒரே மாதிரியான தாளோடுதான் வருவார்கள். பாட்டு வரிகள், அவற்றுக்கு மேல் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று கோட் பெயர்கள். கோட் என்பது ஒன்றாகப் பிடிக்கும் சில சுரங்கள்; சி கோட் என்றால் சி, ஈ, ஜி. வலது கை எப்படியோ பிடித்துவிடும். "இடது கைக்கு என்ன, சேர்?" என்பதுதான் அடுத்த கேள்வி. "கோட்டின் பெயர் எதுவோ அதையே கீழே பிடி" என்பது வழக்கமான பதில். எனக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். அது பிழையில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் இடது கை வெறும் பெயர்ப்பலகையாகிவிடுகிறது. இடது கை இரண்டாவது மெட்டு என்பது என் கட்சி. பேஸ் வரியை, அதாவது ஆகக் கீழே ஒலிக்கும் சுரங்களின் வரிசையை, தனியாக வாய்விட்டுப் பாடிப் பார்த்தால் அது ஒரு பாட்டாக நிற்க வேண்டும். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டாரை மட்டும் முணுமுணுக்க முடிவது இதனால்தான்.

வழிகளை ஒப்பிட முன் ஒரு சின்னப் பரிசோதனை. வலது கையில் நடு சி-க்கு மேலே சி, ஈ, ஜி மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கையை அசைக்க வேண்டாம். இடது கையில் ஒரு விரலால் கீழே சி அழுத்துங்கள்: வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். ஈ: அதே கோட்தான், ஆனால் எங்கேயோ நடக்கத் தொடங்கிவிட்டது. ஜி: காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. ஏ: இப்போது அது சி மேஜரே இல்லை, ஏ மைனர் செவன். எஃப்: அகலமான, திறந்த ஒலி, எஃப் மேஜர் நைன்த்தின் சாயல். டி: தொங்கிக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கும். பி ஃபிளாட்: சி செவன், அடுத்து பேஸ் ஏ-க்கு இறங்கி மேலே எஃப் மேஜர் வரும்வரை காது விடாது. வலது கை ஒரு விரலைக்கூட நகர்த்தவில்லை. கோட் என்னவென்று முடிவெடுத்தது இடது கையின் ஒற்றை விரல்.

சரி, இனி வழிகள்.

முதலாவது, மூலச் சுரம், அதாவது கோட்டுக்குப் பெயர் தந்த சுரம், மட்டும். சி கோட்டுக்கு சி, ஏ மைனருக்கு ஏ. இதன் பலம் உறுதி. பாடுகிறவர்களுக்குச் சுருதி தவறாது, புதுப் பாட்டை அந்த இடத்திலேயே எடுத்து வாசிக்கலாம். பலவீனம் பேஸ் தாவித் தாவிப் போவது. ஆனால் இந்த வழியைக் குறை சொல்கிறவர்கள் பலருக்கு உண்மையான சிக்கல் வலது கையில்தான் இருக்கிறது. வலது கையும் ஒவ்வொரு கோட்டையும் அதன் மூலச் சுரத்திலிருந்தே பிடித்தால் இரண்டு கைகளும் ஒன்றாகக் குதிக்கும். அதுதான் கரடுமுரடாகக் கேட்கிறது. வலது கையைக் கிட்டிய நிலையில் வையுங்கள். சி-க்கு ஜி-சி-ஈ. ஜி-க்கு ஜி-பி-டி, ஜி அப்படியே இருக்க, மற்ற இரண்டும் ஒரு படி இறங்கும். ஏ மைனருக்கு ஏ-சி-ஈ. எஃப்-க்கு ஏ-சி-எஃப், ஈ மட்டும் எஃப் ஆகும். திரும்ப ஜி-சி-ஈ. விரல்கள் ஒரு கட்டைக்கு மேல் நகரவில்லை. இப்படி வலது கை அமைதியாக இருந்தால் இடது கை மூலச் சுரங்களில் தாவுவது அழகாகவே இருக்கும். தொடங்குகிறவர்கள் ஆறு மாதம் இதிலேயே இருந்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஒக்டேவாக, அதாவது கீழ் சி-யும் மேல் சி-யும் சேர்த்துப் பிடிப்பது அதே வழியின் உரத்த வடிவம். சின்னக் கீபோர்ட்டில் இது உதவும். 61 கட்டைக் கீபோர்ட்டின் ஆகக் கீழ் சி ஏறத்தாழ 65 ஹேர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரில் அது பெரிதாக வெளியே வராது, மேலேயுள்ள 131 ஹேர்ட்ஸ் சி-தான் காதுக்கு எட்டும். பியானோவில் அவ்வளவு தேவையில்லை. அதிலும் கடற்கரைப் பக்கத்து வீடுகளில், உப்புக்காற்றில் பேஸ் கம்பிகளின் செப்புச் சுற்று மங்கிப்போன பியானோ என்றால், ஒற்றைச் சுரமே துலக்கமாக இருக்கும்.

மூலமும், அதை ஒன்றாக எண்ணினால் வரும் ஐந்தாம் சுரமும் மாறி மாறி, சி-ஜி-சி-ஜி என்று வாசிப்பது நம்மூர் ஆட்டப் பாட்டான பைலாவுக்கு அளவெடுத்துத் தைத்தது. 6/8 தாளத்தில் கீழே இந்த நடை விழுந்தால்தான் கல்யாண மண்டபத்தில் கால் எழும்பும். அங்கே போய் நுணுக்கமான பேஸ் வரி தேட வேண்டியதில்லை. ஆனால் அதே நடையை மெதுவான ஞானப்பாட்டுக்குக் கீழே வைத்தால் வரிகளின் நிதானத்தைக் குலைத்துவிடும்.

வலது கையில் பிடித்த கோட்டை இடது கையிலும் முழுதாகப் பிடிப்பது இன்னொரு வழி. பலர் இதை விரும்பிச் செய்கிறார்கள்; நான் வேண்டாம் என்பேன். நடு சி-யும் அதன் மேல் ஈ-யும் ஏறத்தாழ 262, 330 ஹேர்ட்ஸ், இடைவெளி 68. அதே சி-ஈ இரண்டு ஒக்டேவ் கீழே 65, 82. இடைவெளி 17 தான். அவ்வளவு நெருங்கிய இரண்டு அதிர்வுகளைக் காது இரண்டு சுரங்களாகப் பிரித்து எடுப்பதில்லை, ஒரு உறுமலாகக் கேட்கிறது. ஆகவே கீழே போகப் போக இடைவெளியை அகலமாக்க வேண்டும். சி, அதற்கு மேல் ஜி, அதற்கும் மேல் அடுத்த ஒக்டேவின் ஈ என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி, பெடலை அழுத்திப் பாருங்கள். அதே மூன்று சுரங்கள், அந்த உறுமல் இல்லை. பேஸ் மாறும் ஒவ்வொரு இடத்திலும் பெடலை மாற்ற மறக்கக்கூடாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த வழி: மூன்றாம் சுரத்தைப் பேஸில் வைப்பது. சி கோட்டுக்குக் கீழே ஈ. தாளில் சி/ஈ என்று எழுதுவார்கள். ஜி-க்குக் கீழே பி, அதாவது ஜி/பி. இவற்றால் வரும் பயன் ஒரே ஒரு கோட்டில் தெரியாது, வரிசையில்தான் தெரியும். சி, ஜி, ஏ மைனர், சி, எஃப், சி, டி மைனர், ஜி என்று ஒரு பாட்டு போகிறது என்று வையுங்கள். மூலச் சுரங்களாக வாசித்தால் பேஸ் சி-ஜி-ஏ-சி-எஃப்-சி-டி-ஜி. பாடிப் பாருங்கள், நினைவில் நிற்காது. இப்போது சி, ஜி/பி, ஏ மைனர், சி/ஜி, எஃப், சி/ஈ, டி மைனர், ஜி. பேஸ் சி-பி-ஏ-ஜி-எஃப்-ஈ-டி என்று படியிறங்கி ஜி-யில் வந்து நிற்கிறது. ஒரு கோட்டும் மாறவில்லை, ஆனால் கீழே ஒரு மெட்டு பிறந்துவிட்டது. பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவர்கள் அதைத் தாங்களாகவே பிடித்துக்கொள்வார்கள். மூன்று மொழிகளிலும் பாடும் கொழும்புக் குழுக்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று ஒரே மெட்டை மாற்றி மாற்றிப் பாடும்போது சொற்கள் விழும் இடம் மாறும். ஆனால் கீழே இறங்கும் வரி எல்லாரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

இதில் வலது கைக்கு ஒரு வேலை இருக்கிறது. பேஸில் மூன்றாம் சுரம் இருந்தால் வலது கை அதை விட்டுவிடுவது நல்லது. சி/ஈ என்றால் வலது கையில் ஜி, சி, மேல் ஜி. ஜி/பி என்றால் டி, ஜி போதும். அந்த பி கீழேயும் மேலேயும் ஒலித்தால், சி-க்கு ஏறத் துடிக்கும் சுரம் இரண்டு மடங்காகி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். பிள்ளைகள் "கோட் குறையாக இருக்காதா?" என்று கேட்பார்கள். குறையாது. கீழே உள்ளதும் கோட்டின் சுரம்தானே.

எங்கே வைக்கக்கூடாது என்பதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வழி கைவந்த புதிதில் ஒரு ஞானப்பாட்டை முழுக்க இப்படியே வாசித்து, கடைசிக் கோட்டையும் சி/ஈ-யில் விட்டேன். ஆராதனை முடிந்ததும் குழுவில் பாடும் ஒரு அன்ரி என்னிடம் வந்தார். "தம்பி, கடைசி வரியில நிலத்தில கால் படாத மாதிரி இருந்தது. ஏன் அப்பிடி?" கோட் பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் பேஸ் இறங்கவில்லை என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டார். தொடக்கத்திலும் முடிவிலும் மூலச் சுரம், நடுவில் நடக்கும் இடத்தில் மூன்றாம் சுரம் என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் சுரத்தைப் பேஸில் வைப்பது, சி/ஜி, இதைவிடக் கவனம் கேட்பது. மேலே சொன்ன மாதிரி இறங்கும் வரியில் கடந்துபோகலாம். இல்லையென்றால் முடிவுக்கு முன்னால் வைக்கலாம்: எஃப், சி/ஜி, ஜி செவன், சி. அந்த இடத்தில் பேஸ் ஜி-யில் ஊன்றி நிற்க, மேலே ஈ டி-க்கும் சி பி-க்கும் இறங்குவதைக் கேட்டால் பாட்டு முடியப்போகிறது என்று யாருக்கும் தெரியும். வேறு இடங்களில் அது தள்ளாடும்.

இதெல்லாம் புதுச் சிந்தனை இல்லை. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பேஸ் வரியை மட்டும் எழுதி, அதன் மேல் எந்தச் சுரங்கள் வர வேண்டும் என்று இலக்கங்களால் குறிப்பார்கள். வாசிக்கிறவர் கீழிருந்து மேலே எண்ணிக் கட்டுவார். சி-ஈ-ஜி, ஈ-ஜி-சி, ஜி-சி-ஈ எல்லாம் ஒரே கோட்டின் மூன்று நிலைகள் என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ 1722இல் எழுதிய நூல்தான் மூலச் சுரம் என்ற எண்ணத்தை நிலைநாட்டியது. நம் தாள்களில் உள்ள பெயர்கள் ராமோவின் வழி வந்தவை. எனக்கு இரண்டும் வேண்டும்: கோட்டை அறிய ராமோ, கைவைக்க அந்தப் பழைய பேஸ் வரி.

தமிழ்க் காதுக்குப் பழகிய இன்னொரு வழி, பேஸை அசைக்காமல் நிறுத்துவது. சுருதிப் பெட்டி செய்வதும் இதைத்தான். கீழே சி-யை நிறுத்திவிட்டு மேலே கோட்டுகளை மாற்றுங்கள். கீர்த்தனைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மாயாமாளவகௌளை ராகத்தை எடுத்துக்கொள்வோம். ஸட்ஜம் சி என்றால் சுரங்கள் சி, டி ஃபிளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி. கோட் தாள் போட்ட ஒருவர் பழக்கதோஷத்தில் ஜி மேஜர் எழுதியிருப்பார். அதில் வரும் டி இந்த ராகத்தில் இல்லை. பாடுகிறவர் சுத்த ரிஷபம் (டி ஃபிளாட்) பிடிக்க, கீபோர்ட் சதுஸ்ருதி ரிஷபம் (டி) பிடித்தால் ராகம் அந்த இடத்திலேயே உடைந்துபோகும். அதற்குப் பதிலாகப் பேஸில் சி-யை நிறுத்தி, வலது கையில் டி ஃபிளாட்-எஃப்-ஏ ஃபிளாட் பிடித்து, அதிலிருந்து சி-ஈ-ஜி-க்கு இறங்குங்கள். ரிஷபம் ஸட்ஜத்தில் விழுகிறது, தைவதம் பஞ்சமத்தில் விழுகிறது. ஜி கோட் வேண்டியே தீர வேண்டிய இடத்தில் கீழே ஜி, மேலே பி-யும் எஃப்-உம் மட்டும், டி வேண்டாம். கமகம் வரும் இடங்களில் வலது கையை முழுதாக எடுத்துவிட்டு, சி-யும் ஜி-யும் மட்டும் ஒலிக்க விட்டால் பாடுகிறவர் நன்றி சொல்வார்.

ஸ்டைல், அதாவது தானாக ஓடும் பின்னணி இசை, போட்டு வாசிக்கும் கீபோர்ட்டுகளில் இடது கையின் வேலை வேறு. அங்கே இடது கை கோட்டைக் காட்டும், பேஸை இயந்திரம் வாசிக்கும். யமஹாவில் "ஃபிங்கர்ட்" முறையில் நீங்கள் ஈ-ஜி-சி என்று பிடித்தாலும் பேஸில் சி-தான் வரும். "ஃபிங்கர்ட் ஆன் பேஸ்" என்ற முறைக்கு மாற்றினால், நீங்கள் பிடித்ததில் ஆகக் கீழுள்ள சுரம் பேஸாகும். சி/ஈ, ஜி/பி எல்லாம் அப்போதுதான் கேட்கும். அந்த முறை இருக்கிற கீபோர்ட்டை வைத்திருந்தும் தெரியாமல் வருடக்கணக்காக வாசிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பேஸ் கிட்டார்காரர் பக்கத்தில் நின்றால் மேலே சொன்னதில் பாதி அவருடைய உரிமை. அவர் ஜி பிடிக்க நீங்கள் கீழே பி பிடித்தால் இரண்டு வரியும் கெட்டுப்போகும். பாட்டுக்கு முன் தாளில் ஸ்லாஷ் உள்ள இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு அவரிடம் காட்டுங்கள். பாட்டு தொடங்கியதும் உங்கள் இடது கையை நடு சி-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒன்றிரண்டு சுரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.