செட்டிநாட்டு வெயிலில் தென் அமெரிக்க மீன்கள்: சில கோடைகள் தாண்டிய தொட்டி

காரைக்குடிப் பக்கம் மீன் தொட்டி வைக்கிறவர்களுக்கு முதல் எதிரி வெயில், இரண்டாவது எதிரி போர்வெல் தண்ணீர், மீன் மீனைக் கடிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். 'சாதுவான தென் அமெரிக்க மீன்கள்' என்று தேடினால் கிடைக்கிற பட்டியல்களில் பாதி மீன் நம் ஊரில் வைகாசியைத் தாண்டாது. அவற்றை எழுதியவர்கள் ஹீட்டர் போட்டுத் தண்ணீரைச் சூடாக்குகிற குளிர் தேசத்துக்காரர்கள், நம் கஷ்டம் அப்படியே தலைகீழ். செடி வைத்த தொட்டியில் இந்த மீன்களை வளர்த்துச் சில கோடைகள் ஆகிவிட்டன. எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்பதை எழுதுகிறேன்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை கணக்குப் போட்டால் 190 லிட்டர் வரும், மணலும் கட்டையும் போக 160 லிட்டர் நிற்கும். இருப்பது பழைய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில். முற்றத்து ஓரமாக வைத்தால் அழகாகத்தான் இருக்கும், வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், ஆனால் அங்கே நேர்வெயில் விழும், ஒரே வாரத்தில் கண்ணாடி முழுக்கப் பாசி பிடித்துவிடும். சுண்ணாம்புக் காரைச் சுவர், உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று நம் வீடுகள் வெயிலுக்கென்றே கட்டியவை என்பதால், வெளியே 40 டிகிரி கொளுத்துகிற நாளிலும் என் தொட்டித் தண்ணீர் 31-க்கு மேல் போனதில்லை. சித்தப்பா மகன் புது கான்கிரீட் வீட்டில் மாடியறையில் வைத்திருக்கிறான், அங்கே 34 வரை போகிறது. அந்த வீட்டுக்கு இந்த மீன்கள் எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், குளிரூட்டும் சில்லர் வாங்குகிற வசதி இருந்தால் அது வேறு கதை.

31-ஐயும் இன்னும் இறக்க வேண்டும். தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்றடிக்கிற மாதிரி ஒரு சின்ன கிளிப் ஃபேன் மாட்டினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம், இவ்வளவு குறையாது. நமது வறண்ட வெயிலில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாவதால் நன்றாகவே வேலை செய்கிறது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆவியாகப் போவது வெறும் தண்ணீர், அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் கோடை முடிவதற்குள் தொட்டித் தண்ணீரின் கடினத்தன்மை எங்கேயோ போயிருக்கும், செடி சுருங்கும், மீன் வெளிறும், காரணம் புரியாமல் மருந்து ஊற்றிக்கொண்டிருப்போம். ஆவியானதை ஈடுகட்ட மழைத்தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர்தான்.

செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி இருப்பதே இந்தத் தண்ணீர் விஷயத்தில்தான். என் தொட்டியில் இருக்கிற கார்டினல் டெட்ரா என்கிற சின்ன மீன் பிறந்த, அமேசானின் கிளையாறான ரியோ நீக்ரோவின் தண்ணீரில் தாது உப்பு ஏறக்குறைய இல்லை, இலைதழை ஊறி டிக்காஷன் நிறத்தில், அமிலத்தன்மையோடு ஓடும். அதற்கு மிக நெருக்கமாக நம்மிடம் இருப்பது ஓட்டுச் சரிவுகளிலிருந்து நாலு பக்கமும் முற்றத்தில் கொட்டுகிற ஐப்பசி, கார்த்திகை மழை. அண்டா வைத்துப் பிடித்த தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும் என்று அப்பத்தா சொல்லும், அது உண்மைதான், சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள தண்ணீரில் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் இல்லாதவர்கள் அடுப்படியில் கேட்டாலே போதும், பருப்பு வேகாத தண்ணீர் கார்டினலுக்கும் ஆகாது.

ஆனால் அண்டாவில் பிடித்ததை அப்படியே தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். மழைத்தண்ணீர் லேசான அமிலம், செம்பு அல்லது பித்தளைப் பாத்திரத்தில் தேங்கி நின்றால் செம்பு கரைந்து இறங்கும். நமக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது, இறாலும் நத்தையும் முதலில் சாகும், மீனும் தாங்காது. நான் பிளாஸ்டிக் டிரம்மில்தான் பிடிக்கிறேன். முதல் இரண்டு மழையை விட்டுவிடுவேன், ஓட்டுத் தூசியும் புறா எச்சமும் அதோடு போய்விடும். டிரம்முக்கு இறுக்கமான மூடி அவசியம், இல்லாவிட்டால் கொசு முட்டையிட்டு அடுத்து டெங்கு ஒழிப்புக்காரர்கள் வந்து நிற்பார்கள். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் 900-ஐ ஒட்டி வரும், மழைத்தண்ணீர் 20-ஐத் தாண்டாது. ஐந்து பங்கு மழைக்கு ஒரு பங்கு போர் கலந்தால் 170-க்குக் கிட்ட வருகிறது. முழுக்க மழைத்தண்ணீரே ஊற்றலாமே என்றால், அதில் பிஎச்-ஐப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை, திடீரென்று சரிந்துவிடும், அந்த ஒரு பங்கு போர் தண்ணீர் அதற்காகத்தான். சம்பை ஊற்றுத் தண்ணீர் வருகிற காரைக்குடிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், அந்தத் தண்ணீரின் ருசி ஊரறிந்தது. இருந்தாலும் ஒருமுறை மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு, குளோரின் போக்கிவிட்டு ஊற்றுங்கள்.

சரி, மீனுக்கு வருவோம். கடையில் எல்லாரும் முதலில் கேட்பது நியான் டெட்ரா. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். நம் ஊருக்கு வேண்டாம் என்பேன். நியானுக்கு 20 முதல் 26 டிகிரிதான் சுகம், நமக்கு மார்கழி, தையில் மட்டும் அந்த வெப்பநிலை இருக்கும். அதன் உறவுக்காரனான கார்டினல் 29 வரை சாதாரணமாக இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம், நியானுக்குச் சிவப்புப் பட்டை பாதி உடம்பில்தான் தொடங்கும், கார்டினலுக்குத் தலையருகிலிருந்து வால் வரை ஓடும். விலை கொஞ்சம் கூடுதல், முதல் இரண்டு வாரம் அலுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கப்புறம் பிரச்சினை இல்லை. இருபது சொச்சம் கார்டினல் இருக்கின்றன, முதலில் வந்தவற்றில் பெரும்பாலானவை இன்னும் உயிரோடு. பிரேசிலில் பார்சிலோஸ் என்கிற ஊரில் இந்தச் சின்ன மீனைப் பிடித்து விற்பதே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. அந்த ஊர்க்காரர் ஒருவர் ஆத்தங்குடித் தரையில் நிற்கும் தொட்டியில் அதைப் பார்த்தால் என்ன நினைப்பாரோ.

ரம்மி நோஸ் டெட்ரா எனக்குக் கார்டினலை விடப் பிடிக்கும். கார்டினல் பழகிய தொட்டியில் பயமில்லாமல் சிதறி நீந்தும், ரம்மி நோஸ்தான் கூட்டம் கலையாமல் ஒரே திசையில் திரும்பும். இன்னொரு உபயோகமும் உண்டு, தண்ணீர் கெட்டால் முதலில் அதன் மூக்குச் சிவப்பு வெளுக்கும். டெஸ்ட் கிட் வாங்காதவர்கள் அதைப் பார்த்தே தண்ணீர் மாற்றலாம், வாங்கியவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள். பத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

எம்பர் டெட்ராவும் நல்ல மீன்தான், இரண்டு செண்டிமீட்டர்தான் வளரும், பச்சைச் செடிக்கு நடுவே அந்த ஆரஞ்சு எடுப்பாகத் தெரியும். பெரிய மீன்கள் இருக்கிற தொட்டியில் ஒளிந்தே காலம் தள்ளும். இரண்டடித் தொட்டிக்காரர்களுக்கு முதல் சிபாரிசு இதுதான்.

அடித்தளத்துக்குக் கோரிடோரஸ், சுருக்கமாகக் கோரி என்கிற சின்னக் கெளுத்தி வகை. இதிலும் வெயிலைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பாண்டா கோரி, பெப்பர் கோரி இரண்டும் குளிர்ந்த தண்ணீர் மீன்கள், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஸ்டெர்பாய் கோரி சூட்டைத் தாங்குகிற வகை, சூடான தண்ணீர் கேட்கிற டிஸ்கஸ் மீனை வளர்ப்பவர்கள் அதோடு இதைச் சேர்த்து வைப்பது அதனால்தான். வெண்கல நிறத்துப் பிரான்ஸ் (bronze) கோரியும் பரவாயில்லை. மணல் மெல்லியதாக இருக்க வேண்டும், கூர்மையான ஜல்லி போட்டால் மீசை தேய்ந்துபோகும், மீசை போன கோரிக்கு இரை தேடத் தெரியாது. அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்கும், பயப்பட வேண்டாம், குடல் வழியாகவும் மூச்சு விடுகிற மீன் அது. எதற்கெடுத்தாலும் ஒரு கைப்பிடி கல்லுப்பு போடச் சொல்கிற பழக்கம் நம் கடைகளில் உண்டே, கோரி இருக்கிற தொட்டியில் அது வேண்டாம்.

பாசி தின்ன ஒடோசிங்க்லஸ் வாங்கினேன். ஒரு கடையிலிருந்து வந்தவை வயிறு ஒட்டிப்போய் வந்தன, அப்படி வந்தவை எதைக் கொடுத்தாலும் மீளவில்லை. பெரும்பாலும் ஆற்றில் பிடித்து வருகிற மீன், வழியெல்லாம் பட்டினி, போதாக்குறைக்கு நம் சூடு. பாசி பழகிய பழைய தொட்டியாக இருந்தால், வயிறு உருண்டையாக இருப்பதைப் பார்த்து எடுத்தால் பிழைக்கலாம். எனக்கு அது சரிப்படவில்லை, பிரிஸில்நோஸ் பிளெக்கோ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அரை அடிக்குள் நின்றுவிடும், ஆணுக்கு மூஞ்சியில் கிளைகிளையாகக் கொம்பு முளைக்கும், கட்டையைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். பசித்தால் அமேசான் ஸ்வோர்ட் இலையையும் சுரண்டி ஜல்லடை ஆக்கிவிடும், அதனால் ராத்திரி ஒரு துண்டு வெள்ளரியோ சுரைக்காயோ போட்டுவிடுவேன். 'டேங்க் கிளீனர்' என்று விற்கிற சக்கர் மீனும் தென் அமெரிக்காதான், சாதுதான், ஆனால் ஒரு அடிக்கு மேல் வளர்ந்து செடியையெல்லாம் பிடுங்கிப் போடும். வளர்ந்தபின் கண்மாயில் விடுவது அதைவிட மோசம், நம் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அங்கே இடமில்லாமல் போகும்.

ராம் சிக்லிட் என்னைக் கொஞ்சம் குழப்பிய மீன். வெனிசுவேலா, கொலம்பியா சமவெளிகளில் 28, 30 டிகிரித் தண்ணீரில் வாழ்வது, அதனால் வெயில் அதற்கு விஷயமே இல்லை, நம் ஊருக்கென்றே படைத்த மாதிரி. ஆனால் கடைகளுக்கு வருகிற நீல ராமில் பலவீனமான வளர்ப்புகள் நிறைய, பளபளப்பாக வந்து சீக்கிரம் போய்விடும். நிறம் சுமாராக இருந்தாலும் சுறுசுறுப்பாக இரை எடுக்கிற ஜோடியாகப் பார்த்து வாங்க வேண்டும், மழைத்தண்ணீர் கலந்த தொட்டியில் அது நன்றாகவே இருக்கும். மென்மையான தண்ணீர் கிடைக்காதவர்கள் பொலிவியன் ராம் எடுக்கலாம். முட்டையிட்ட நாட்களில் மட்டும் சாது குணம் போய்விடும், தட்டைக் கல்லைச் சுற்றி ஒரு எல்லை போட்டுக்கொண்டு கோரிகளை விரட்டும். விரட்டுமே தவிரக் காயப்படுத்தியதில்லை.

சாது என்று சொல்லி விற்பதில் எச்சரிக்கை வேண்டியவை: ஏஞ்சல் குட்டியாக இருக்கும்வரை எல்லாரோடும் ஒட்டும், வளர்ந்தபின் நியானும் எம்பரும் அதற்கு இரை. செர்ப்பே டெட்ராவும் விடோ டெட்ராவும் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும், கலர் கலராக மின்னுகிற விடோவும் அதே குணம்தான். சில்வர் டாலர் மீனைத் தொடாது, செடியை மிச்சம் வைக்காது. சிவப்பு வயிற்றோடு குட்டி மீன் ஒன்றைப் பிரான்ஹா ஜாதி என்று பெருமையாகக் காட்டுவார்கள், அது பாக்கு (pacu) என்கிற மீன், மீன் மார்க்கெட்டில் ரூப்சந்த் என்று கிலோ கணக்கில் விற்கிறார்களே அதேதான். ஹேட்செட் மீன் உண்மையிலேயே சாது, எனக்கும் ஆசைதான், ஆனால் அது துள்ளி வெளியே விழுகிற மீன், ஃபேன் காற்றுக்காக நான் தொட்டியைக் கண்ணாடியால் மூட முடியாது. கொசுவலைச் சட்டம் போட்டிருக்கிறேன், அதன் ஓர இடுக்கை நம்பி ஹேட்செட்டை வாங்க மனம் வரவில்லை.

செடியில் நான் அதிகம் மெனக்கெடவில்லை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது. நடுவில் அமேசான் ஸ்வோர்ட், பின்னால் வாலிஸ்னேரியா, மேலே மிதக்கப் பிரேசிலியன் பென்னிவோர்ட், கட்டையில் கட்டிய அனுபியாஸ், இவ்வளவுதான். அனுபியாஸ் ஆப்பிரிக்கா, தெரியும், பரவாயில்லை. ஸ்வோர்ட் வேர் வழியாகத்தான் பெரும்பாலும் சாப்பிடும். மணலுக்கு அடியில் நம்மூர்ச் செம்புறாங்கல்லை இடித்த தூளை மெல்லிய படலமாகப் பரப்பினேன். இரும்புச் சத்துக்காக இந்த வகைக் கல்லைச் செடித் தொட்டியில் போடுவது உலகம் முழுக்க இருந்த பழைய வழக்கம்தான், வெளிநாட்டுப் பொட்டலத்துக்குக் காசு கொடுக்காமல் வீட்டுக்குப் பின்னாலேயே எடுத்துக்கொண்டேன். மணல் மேலே தடிமனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செடியைப் பிடுங்கும்போதெல்லாம் தண்ணீர் செங்காவியாகும். காய்ந்த வாதாமர இலை இரண்டு மூன்று எப்போதும் மிதக்கும், தண்ணீர் நிறம் மாறும், டெட்ராக்களின் நிறம் கூடும்.

சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, ராத்திரியில் செடியும் அதில் பங்கு கேட்கும். கோடை இரவுகளில் ஏர் பம்ப் ஓடியே ஆக வேண்டும், அதை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறேன், ஃபேனையும்தான். வீட்டில் முன்னோருக்குச் செய்கிற படைப்போ கல்யாணமோ வந்தால் தனித் தலைவலி, பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அன்பு மிகுதியில் பொரி முதல் அதிரசம் வரை உள்ளே போடுவார்கள். அந்த நாட்களில் தொட்டி மேல் வேட்டியைப் போர்த்திவிடுவது ஒன்றுதான் வழி.

வாங்குவதாக இருந்தால் தீபாவளிக்கு அப்புறம் வாங்குங்கள். சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ் பார்சலில் வருகிற மீன், பங்குனி சித்திரையில் இங்கே இறங்கும்போது பாதி வெந்திருக்கும். மழைக்காலத்தில் பார்சலும் குளிர்ச்சியாக வரும், டிரம்மும் நிரம்பியிருக்கும், அடுத்த கோடைக்குள் மீனுக்கு உடம்பு தேறியிருக்கும். வந்த பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, மீனை மட்டும் வலையில் எடுத்துத் தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பார்த்தபின் உள்ளே விடுங்கள். கூரியர் தண்ணீரை ஒரு சொட்டுகூடத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், வெள்ளைப் புள்ளி நோய் பெரும்பாலும் மீனோடும் அந்தத் தண்ணீரோடும்தான் வீட்டுக்குள் வருகிறது.