பாரி தளத்துப் படங்கள்: பெயரோடு இருக்கும் முகங்கள்

கிராமத்தைப் படம் எடுக்கிறோம் என்று சொல்லி, சுருக்கம் விழுந்த முகம், பொக்கைவாய்ச் சிரிப்பு, பனிமூட்டத்தில் மாட்டுவண்டி என்று திரும்பத் திரும்ப அதையே எடுத்துப் போடுகிறார்களே, அதைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் ஒருமுறை பாரி (PARI, People's Archive of Rural India) இணையதளத்துக்குப் போய்ப் பாருங்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ஆவணக் காப்பகம் அது. இந்தியக் கிராமப்புறத்து மக்கள், அவர்கள் செய்யும் வேலை, கைத்தொழில், பாட்டு என்று எல்லாம் அங்கே இருக்கிறது. காசு கட்ட வேண்டாம், தமிழிலேயே படிக்கலாம்.

எனக்கு அங்கே பெரிதாகப் படுவது படத்துக்குக் கீழே இருக்கும் வரிகள்தான். இவர் யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார், என்ன கூலி கிடைக்கிறது என்பதெல்லாம் அதில் வந்துவிடுகிறது. போட்டிக்கு அனுப்பும் படங்களில் 'மூதாட்டி', 'உழவர்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள், அதற்கு மேல் அந்த ஆளைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. இங்கே பெயர் தெரிந்த பிறகு அதே முகத்தை இன்னொரு தடவை பார்க்கத் தோன்றுகிறது.

எம். பழனி குமாரின் படங்களை முதலில் பாருங்கள். மதுரைப் பக்கத்துக்காரர், அம்மா மீன் விற்றவர். அதனாலோ என்னவோ, உழைக்கிறவர்களை அவர் எடுக்கும்போது விருந்தாளி எட்டி நின்று பார்க்கிற மாதிரி இருப்பதில்லை. ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகரில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய தொகுப்பு 2019இல் வந்தது. கடலில் இறங்குவதற்கு முன்னால் பாறை கையைக் கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்கிறார்கள். அந்தக் கைகளைப் பார்த்தபின் கடற்பாசியில் இருந்து எடுக்கும் அகர் அகர் போட்ட இனிப்பு எதைச் சாப்பிட்டாலும் எனக்கு அந்தத் துணி ஞாபகம் வருகிறது. தன் அம்மாவைப் பற்றியும் ஒரு தொகுப்பு செய்திருக்கிறார், தவறவிடாதீர்கள். மலக்குழியில் இறங்கி உயிர்விட்டவர்களின் குடும்பங்களை அவர் எடுத்த படங்களும் உண்டு, அவற்றை ஒரே மூச்சில் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். 2022இல், புகைப்படக் கலைஞர் தயனிதா சிங்கின் பெயரில் உள்ள தயனிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டபோது அது இவருக்குத்தான் போனது, சரியான ஆளுக்குப் போனது. வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கவும் கற்றுக்கொடுக்கிறார்.

அப்புறம் சாய்நாத்தே எடுத்த படங்களின் கண்காட்சி ஒன்று, பெண்களின் வேலை பற்றியது. 1993 முதல் 2002 வரை 10 மாநிலங்களில் எடுத்தவை. செங்கல் சுமப்பது, கரி பொறுக்குவது எல்லாம் வரும். நாற்று நடும் பகுதியில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். நடவு, களையெடுப்பு, பெருக்குவது, துடைப்பது என்று ஒரு பெண் வாழ்நாள் பூராவும் எவ்வளவு நேரம் குனிந்தே இருக்கிறாள் என்பதை வரிசையாக வைத்துக் காட்டியிருக்கிறார். நம் வீட்டிலேயே தினமும் நடப்பதுதான், ஆனால் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. இந்தக் கண்காட்சியைப் பேருந்து நிலையம், ரயில் நிலையம், தொழிற்சாலை வாசல் என்று மக்கள் நடமாடும் இடங்களுக்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

முகங்கள் என்று தனிப் பகுதி ஒன்று உண்டு. நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்தில் இருந்தும் முகங்களைச் சேர்க்கும் வேலை அது. உங்கள் மாவட்டத்தைத் தேடிப் பாருங்கள், நான் அதில்தான் ஒரு ராத்திரியைக் கழித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். சில கட்டுரைகளின் தமிழில் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது, வாக்கியம் முடிகிற இடத்தை விரலால் தொட்டுத் தேட வேண்டியிருக்கிறது. அங்கே படங்களையும் கீழே இருக்கும் வரிகளையும் மட்டும் படித்துவிட்டு, பிடித்திருந்தால் முழுக் கட்டுரைக்குப் போகலாம். கைபேசியில் வேண்டாம், கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கள், கை கால் விரல்கள் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பள்ளிக்கூட ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், கடற்பாசித் தொகுப்பை ஒரு வகுப்பில் போட்டுக் காட்டுங்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே நன்றாகப் புரியும்.