இன்சுலின் போட்டும் இளைக்கும் பூனை: சர்க்கரையா, தைராய்டா, குடலா?

நாலரைக் கிலோ இருந்த பூனை மூன்று மாதத்தில் நான்கு கிலோவுக்கு வந்துவிட்டால், அரைக் கிலோதானே என்று விட்டுவிட முடியாது. உடம்பில் ஒன்பதில் ஒரு பங்கு போயிருக்கிறது. பத்து வயதைத் தாண்டிய, ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனை என்றால், பலரும் உடனே செய்வது ஊசியில் ஒரு யூனிட் கூட்டுவது. எதனால் இளைக்கிறது என்று தெரியாமல் அதைச் செய்யவே கூடாது. காரணம் சிறுநீரகமோ குடலோ என்றால், சரியாகச் சாப்பிடாத பூனைக்குக் கூடுதல் இன்சுலின் போய், சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரலாம்.

நோயைத் தேடுவதற்கு முன்னால் ஊசியைப் பாருங்கள். இந்தியாவில் சிவப்பு மூடி சிரிஞ்சு மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 2 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 0.8 யூனிட்தான். பூனை மெல்ல மெல்ல இளைக்க இது ஒன்றே போதும். மாற்றிச் செய்வது அதைவிட ஆபத்து: மில்லிக்கு 100 யூனிட் உள்ள கிளார்ஜின் இன்சுலினைச் சிவப்பு மூடியில் 2 கோடு எடுத்தால் 5 யூனிட் போய்விடும். தெளிந்த தண்ணீர்போல் இருக்க வேண்டிய கிளார்ஜின் கலங்கியிருந்தால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போடுங்கள். ஊசி போட்ட இடத்தில் முடி ஈரமாகி மருந்து வாடை அடித்தால், மருந்து தோலுக்குள் போகவில்லை. அப்போது இன்னொரு டோஸ் போடாதீர்கள். அடுத்த வேளை வரை காத்திருங்கள்.

நன்றாகத் தின்றும் இளைத்தால்: சர்க்கரையா, தைராய்டா

அதிகம் குழப்புகிற ஜோடி இதுதான். இரண்டிலும் பசி, தாகம், மணல் தட்டில் பெரிய பெரிய கட்டிகள். வித்தியாசம் உடம்பில் தெரியும். பின்னங்கால் குதிகால் தரையில் பட நடந்தால், கட்டுப்படாத சர்க்கரை நரம்பைத் தொட்டிருக்கிறது. இரவில் உரக்கக் கத்துவது, ஓரிடத்தில் நிற்காமல் அலைவது, அடிக்கடி வாந்தி, படபடவென அடிக்கும் இதயம், கழுத்தில் மூச்சுக்குழாய் ஓரமாக விரலுக்குள் நழுவும் சிறு உருண்டை: இவை தைராய்டின் பக்கம்.

சர்க்கரையைக் கணக்கெடுக்க இரண்டு வழி. ஒன்று ஃப்ரக்டோசமைன், ஒரே ரத்த மாதிரியில் கடந்த ஒன்றிரண்டு வாரத்துச் சராசரியைச் சொல்லும். மற்றது வீட்டில் காது ஓரத்தில் குத்தி, 2 மணி நேரத்துக்கு ஒரு தடவையாக 12 மணி நேரம் எடுக்கும் அளவு. இளைக்கும் கிழப்பூனைக்கு எங்கள் ஓட்டு வீட்டு அளவுக்கே. தைராய்டு மிகுந்த பூனையில் ரத்தப் புரதம் வேகமாகக் கரைவதால் ஃப்ரக்டோசமைன் பொய்யாகக் குறைந்து, ‘கட்டுப்பாடு நன்று’ என்று காட்டிவிடும். மருத்துவமனையில் எடுக்கும் ஒற்றை அளவையும் நம்ப வேண்டாம். பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை 300-ஐத் தாண்டும். மனிதர்களுக்கான மீட்டர் பூனையில் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாள் முழுவதும் 100-க்கும் 250-க்கும் இடையில் நிற்கிறது, சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டையிலும் சர்க்கரை இல்லை என்றால், இளைப்புக்குச் சர்க்கரை காரணமில்லை. ஏறத்தாழ 270-ஐத் தாண்டினால்தான் அது சிறுநீரில் வழியும். 300-க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் தைராய்டு விடுபடவில்லை, ஏனெனில் அதுவும் இன்சுலினை வேலை செய்யவிடாது. அதனால் தைராய்டு ஹார்மோனின் அளவான மொத்த டி4-ஐ முதல் ரத்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். தைராய்டு மிகுந்த பூனைக்கு வேறு நோயும் சேர்ந்து இருந்தால் டி4 அமுங்கி, இயல்பு வரம்பின் மேல்பாதியில் நிற்கும். கழுத்தில் உருண்டையும் இருந்தால் சில வாரம் கழித்து ஃப்ரீ டி4-உடன் (ரத்தப் புரதத்தோடு ஒட்டாத டி4) சேர்த்து மறுபடி பாருங்கள். ஃப்ரீ டி4-ஐ மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

தைராய்டை அடக்கும் மெத்திமசோல் மருந்து வழக்கமாக 1.25 முதல் 2.5 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை என்று தொடங்கும். இரண்டு மூன்று வாரத்தில் டி4, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்த அளவு), ரத்த அணு எண்ணிக்கை மூன்றும் பார்க்க வேண்டும். முகத்தைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொண்டால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. தைராய்டு அடங்கியதும் இன்சுலின் தேவை குறையும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை தாழும். அதுவரை மறைந்திருந்த சிறுநீரக நோயும் அப்போதுதான் வெளியே வரும்.

சாப்பாடு குறைந்து இளைத்தால்: சிறுநீரகமா, குடலா

முதலில் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள்; வலியால் தின்னாத பூனை நிறைய உண்டு. சிறுநீரகத்தில் கிரியாட்டினின் ஏமாற்றும். அது தசையிலிருந்து வருவது. முதுகெலும்பு துருத்தும் அளவு தசை போன பூனையில் குறைவாகவே இருக்கும். எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு சிறுநீரக ரத்த அளவு அப்படி ஏமாற்றாது. சிறுநீரக உணவில் புரதம் குறைவு, மாவுச்சத்து அதிகம். சர்க்கரைக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். இரண்டும் சேர்ந்து இருந்தால், பாஸ்பரஸ் குறைந்த ஈர உணவில் பூனை எதை விரும்பித் தின்கிறதோ அதுவே சரி. தின்னாத சிறந்த உணவால் பயனில்லை.

குடல் நோயில் வாந்தி, பேதிக்கு முன்னாலேயே எடை இறங்கலாம். சில பூனைகள் நன்றாகத் தின்றுகொண்டே இளைக்கும். குடல் அழற்சியா, சிறுசெல் லிம்போமா என்ற புற்றுநோயா என்பதை ஸ்கேன் பிரித்துச் சொல்லாது. இரண்டிலும் குடல்சுவர் தடிக்கும். மற்ற பூனைக்கு பயாப்ஸி (குடலில் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) இல்லாமல் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பது உண்டு. சர்க்கரைப் பூனைக்கு அந்த மருந்தே சர்க்கரையை ஏற்றிவிடும். அதனால் இங்கே பயாப்ஸி செலவுக்குத் தகுந்தது. அதற்கு முன் பி12 பாருங்கள். குறைவாக இருந்தால் வாரம் 250 மைக்ரோகிராம் வீதம் 6 வாரம் தோலடி ஊசி. அதிலேயே பசி திரும்பும் பூனைகள் உண்டு. கணையத்தையும் அதே ரத்த மாதிரியில் பார்த்துவிடலாம்.

பூனை ஒரு நாள் முழுக்கத் தின்னவில்லை, சோர்ந்து கிடக்கிறது, வாந்தி எடுக்கிறது என்றால் இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். சிறுநீர்ப் பட்டையில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள்) பாருங்கள். நிறம் மாறினால் அன்றே மருத்துவமனை. இன்சுலினுக்குப் பதில் பெக்ஸாக்ளிஃப்ளோசின், வெலாக்ளிஃப்ளோசின் போன்ற மருந்து எடுக்கும் பூனையில் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே கீட்டோன் ஏறும். அங்கே மீட்டர் எண்ணைப் பார்த்துத் தைரியமாக இருந்துவிடாதீர்கள்.