ரேஸ் காரின் தீயணைப்பு சிலிண்டர் சர்வீஸ்: ரூ.34,500 வாங்கிக்கொண்டு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக் கொடுத்தார்கள்

ரூ.34,500. தம்பியின் ரேஸ் காரில் உள்ள தீயணைப்பு சிலிண்டரை சர்வீஸ் செய்து, புதுச் சான்று தருவதாகச் சொல்லி ஒரு கடை எங்களிடம் வாங்கிய பணம். கார் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் வரை போய், போட்டிக்கு முன் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் நிறுத்தப்பட்டு, ஒரு சுற்றுகூட ஓடாமல் நேற்று கீழக்கரைக்குத் திரும்பியது. இன்னொருவர் இவர்களிடம் மாட்டக்கூடாது. என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: இது சுவரில் மாட்டும் சிவப்பு சிலிண்டர் இல்லை. காருக்குள்ளேயே இறுக்கி வைத்திருக்கும். அதிலிருந்து ஓட்டுபவர் பக்கமும் இன்ஜின் பக்கமும் குழாய் போகும். உள்ளே பட்டனை அழுத்தினாலோ, வெளியே சிவப்பில் ஆங்கில ‘E’ எழுத்து ஒட்டிய இடத்தில் இழுத்தாலோ நுரை பீய்ச்சும். பெல்ட்டில் கட்டுண்டு இருப்பவன் வெளியே வர அந்தச் சில நொடிதான் கிடைக்கும். நிரப்பிய நாளிலிருந்தோ கடைசியாகச் சோதித்த நாளிலிருந்தோ 2 ஆண்டுக்குள் மறுபடி சோதிக்க வேண்டும் என்பது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி. எங்களுக்கு அந்தக் கெடு நெருங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி, லாட்ஜ்களுக்கு சிலிண்டர் நிரப்பித் தரும் கடை அது. ரேஸ் கார் வேலையும் செய்வோம், தயாரித்த கம்பெனியின் அங்கீகாரம் இருக்கிறது என்றார்கள். ஒருவர் வீட்டுக்கே வந்தார். “எனக்கும் பக்கத்துல ஏர்வாடிதான் காக்கா” என்றார் (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்). உம்மா கொடுத்த டீயை வைத்துவிட்டு முதலில் வால்வைத்தான் துடைத்தார். இழுக்கும் கேபிளை அசைத்துப் பார்த்து, “உப்புக் காத்துல இதுதான் முதல்ல இறுகும், மாத்திடுவோம்” என்றார். கடலோரத்தில் கார் வைத்திருப்பவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அங்கேயே ஜிபேயில் ரூ.34,500 அனுப்பினேன். நுரை, சீல், கேபிள், பேட்டரி, சான்று எல்லாம் சேர்த்து.

சிலிண்டர் பளபளவென்று திரும்பி வந்தது. புது ஸ்டிக்கர், அழுத்தம் காட்டும் முள் பச்சையில்.

ஸ்க்ரூட்டினியில் அதிகாரி எடை போடச் சொன்னார். ஸ்டிக்கரில் இருந்ததைவிட 600 கிராம் குறைவு. ஸ்டிக்கரில் உள்ள வரிசை எண் வேறு, சிலிண்டரில் அடித்திருக்கும் எண் வேறு. கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தால் பழைய பேட்டரி, போன முறை நான் மார்க்கரில் எழுதிய தேதியோடு. கேபிளும் பழையதே. நுரை கசிந்து குறைந்ததை நிரப்பாமல், காற்றை மட்டும் அடித்து முள்ளைப் பச்சைக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்றார் அங்கிருந்த மெக்கானிக். தம்பி அதை நம்பித்தான் உள்ளே உட்காரப் போனான். 2020இல் பஹ்ரைன் ஃபார்முலா 1 போட்டியில் குரோஷானின் கார் எரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

கடைக்குப் போன் செய்தேன். “மேனேஜர் மதுரை போயிருக்கார்.” அப்புறம், “எடை மெஷின்ல கோளாறா இருக்கும்.” அப்புறம், “உப்புக் காத்துல வெச்சா நாங்க என்ன சார் பண்றது?” அன்றைக்குக் காக்கா, இன்றைக்கு சார். வரிசை எண்ணைப் பற்றிக் கேட்டதும், “கார் எரிஞ்சா போச்சு? ஏன் சத்தம் போடுறீங்க?” என்றார் ஏர்வாடிக்காரர். இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். ரூ.34,500 போனது, போட்டிக் கட்டணமும் டிரெய்லர் வாடகையும் தனி.

சரி, பார்க்க வேண்டியவை. முள் அழுத்தத்தைத்தான் காட்டும், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காட்டாது. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை போடுங்கள். எண்ணைப் போட்டோ எடுங்கள். அங்கீகாரம் உண்டா என்று தயாரித்த கம்பெனிக்கே மெயில் போட்டுக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். திங்கட்கிழமை ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். இதே கடையில் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் தகவல் அனுப்புங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.