பிக்கப்புக்கு வின்ட்டோன் ஹாரன் ஜோடி: ரிலே போடுவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்

பிக்கப் வண்டிகள் பலவற்றில் கம்பெனியிலிருந்து வருவது ஒற்றை டிஸ்க் ஹாரன். ஒரே சுருதி. ஒரு பக்கம் வெண்ணாறு, மறுபக்கம் வயல் என்று போகிற கரை ரோட்டில், நெல் மூட்டை ஏற்றிய வண்டி அந்த ஹாரனை அடித்தால் முன்னால் போகிறவர் காதில் ஏதோ பைக் வருகிற மாதிரித்தான் விழும். பைக்குக்கு எவ்வளவு வழி விடுவாரோ அவ்வளவுதான் விடுவார். அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். டிராக்டர் ஓட்டுகிறவருக்கோ தன் இன்ஜின் சத்தத்தைத் தாண்டி இது எட்டவே எட்டாது.

இதற்குச் சரியான மாற்று, நத்தை ஓடு போலச் சுருண்ட குழல் உள்ள வின்ட்டோன் ஹாரன். ஹை ஒன்று, லோ ஒன்று என ஜோடியாக. கோயம்புத்தூர் ரூட்ஸ், மிண்டா, பாஷ் எல்லாவற்றிலும் 12 வோல்ட்டில் கிடைக்கிறது. டிஸ்க்கில் தகடு அதிர்ந்து கூர்மையான ஒலி வரும். வின்ட்டோனில் அந்த அதிர்வு குழலுக்குள் இருக்கிற காற்றை முழங்க வைப்பதால் ஒலி கனமாக இருக்கும். இரண்டு சுருதியும் சேர்ந்து கேட்டால், வருவது பெரிய வண்டி என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். கும்பகோணத்துச் சன்னதித் தெருவில் லேசாக ஒரு தட்டு போதும், யார் காதையும் கிழிக்காது.

வாங்குமுன் ஒரு சோதனை. ஹாரனை ஒருவர் அழுத்த, மற்றொருவர் ஹாரன் டெர்மினல் இரண்டிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்து, இங்கே 10.5-க்கும் கீழே காட்டினால் கோளாறு ஒயரிங்கில். புது ஹாரனும் முனகத்தான் செய்யும். எர்த் போல்ட்டின் (ஹாரனின் நெகட்டிவை வண்டி பாடியோடு சேர்க்கிற போல்ட்) துருவைச் சுரண்டி இறுக்கினாலே சில வண்டிகளில் பழைய ஹாரன் பிழைத்துக்கொள்ளும்.

கடைகளில் நடக்கிற பெரிய தவறு, பழைய கனெக்டரிலேயே இரண்டு ஹாரனையும் சொருகி அனுப்புவது. வின்ட்டோன் ஜோடி 10 முதல் 12 ஆம்ப் வரை இழுக்கும். ஒற்றை ஹாரனுக்காகப் போட்ட மெல்லிய ஒயர் அதைத் தாங்காது. வோல்டேஜ் இறங்கி ஒலி மங்கும், பியூஸ் போகும். ரிலே என்பது, சுவிட்சிலிருந்து வருகிற சிறு கரண்ட்டில் இயங்கி, பேட்டரியிலிருந்து வருகிற பெரிய கரண்ட்டை ஹாரனுக்கு விடுகிற சின்னப் பெட்டி. அது இல்லாத வண்டியில் ஸ்டீயரிங்கில் இருக்கிற ஹாரன் சுவிட்சும் கருகும். அதனால் 12 வோல்ட், 30 ஆம்ப் ரிலே கட்டாயம் வேண்டும்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்ப் பியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட கால் (85, 86, 87 என்பவையும் ரிலே கால்களின் எண்கள்தான்). பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு ஒயரும் 85, 86-இல். உள்ளே டயோடு இல்லாத சாதா ரிலேயாக இருந்தால் எது எதில் என்று குழம்ப வேண்டாம். பழைய ஹாரனுக்கு ஒரே ஒயர்தான் வந்தது, எர்த் பாடியில் என்றால் அந்த ஒயரை 86-க்கும், 85-ஐ எர்த்துக்கும் கொடுங்கள். 87-இலிருந்து இரண்டு ஹாரனுக்கும் பாசிட்டிவ். ஹாரன்களின் அடுத்த டெர்மினல் இரண்டும் பெயிண்ட் சுரண்டிய சேசிஸ் போல்ட்டுக்கு. பேட்டரி பக்கவாட்டுச் சேசிஸில் இருக்கிற சிறு வண்டிகளில் ஒயர் நீளம் கூடும். அங்கே 4 சதுர மில்லிமீட்டர் போடுவது நல்லது. ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் உள்ளே இறங்காது.

குழல் வாயும் கீழே பார்த்தோ, முன்பக்கம் சரிந்தோ இருக்க வேண்டும். மேலே பார்த்தால் ஐப்பசி அடைமழையில் ஒரே நாளில் தண்ணீர் கட்டி ஊமையாகிவிடும். ஹாரனோடு வருகிற அடுக்குத் தகடு பிராக்கெட்டை மாற்றி இரும்புப் பட்டையில் இறுக்கினால் அதிர்வு அடங்கி ஒலி பாதியாகும். கிரில்லிலோ ரேடியேட்டரிலோ குழல் உரசக் கூடாது. பின்னால் இருக்கிற திருகைத் தொடாதீர்கள், அது கம்பெனியில் செட் செய்தது. கூட்டித் திருகினால் உள்ளே பாயின்ட் (கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கிற முனை) எரியும். வாட்டர் சர்வீஸில் கிரில்லுக்கு நேராகப் பிரஷர் அடிக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றிலேயே ஓடுகிற வண்டிக்கு மட்டும் எங்கள் சிபாரிசு வேறு: ஹை, லோ டிஸ்க் ஜோடி. ஒலியில் கனம் குறைவுதான். ஆனால் தண்ணீரும் சேறும் தங்கக் குழல் கிடையாது. ரிலே ஒயரிங் இதேதான். டெர்மினல்களில் கிரீஸ் தடவி, மழைக்கு முன்னும் பின்னும் எர்த் போல்ட்டைப் பாருங்கள்.

ஏர் ஹாரன் கேட்பவர்களுக்கு: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 119-ஆம் விதி, மாறி மாறிப் பல சுருதியில் ஒலிக்கிற ஹாரனையும், அளவுக்கு மீறிக் கடுமையாக அலறுகிற ஹாரனையும் தடுக்கிறது. வின்ட்டோன் ஜோடி இரண்டு சுருதியையும் ஒரே நேரத்தில் எழுப்புவதால் அந்தச் சிக்கல் இல்லை.

அழுத்தினால் ரிலேயில் 'டிக்' கேட்டு ஹாரன் மௌனமாக இருந்தால், பியூஸையும் எர்த்தையும் பாருங்கள். 'டிக்' கூட இல்லையென்றால் பழைய ஒயரில் கரண்ட் வரவில்லை. கையை எடுத்தும் நிற்காமல் அலறினால், ரிலேயின் பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரிலேயைப் பிடுங்கிவிட்டு வேறு போடுங்கள். உபரியாக ஒரு ரிலேயும் இரண்டு 20 ஆம்ப் பியூஸும் டேஷ்போர்டில் கிடக்கட்டும்.