டர்பனில் மீன், கறி வியாபாரம்: கடையா, குளிர்வண்டியா, முன்பதிவா?

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், இசிப்பிங்கோ பக்கம் சுத்தமான மீனும் கறியும் விற்கத் தொடங்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. கடை பிடித்து கவுண்டர் போடலாம். குளிர்வண்டி எடுத்துத் தெருத்தெருவாகப் போகலாம். இல்லையென்றால் சின்ன வெட்டுக்கூடம் ஒன்றை அமைத்து, முன்கூட்டியே ஆர்டர் வாங்கி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வாடகையையும் வண்டி விலையையும் வைத்தே பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள். ஆனால் இந்தத் தொழில் நிற்பதும் சரிவதும் வேறொரு கணக்கில் இருக்கிறது: சாயங்காலம் எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்பதில்.

கிலோ 75 ரேண்டுக்கு வாங்கி 100 ரேண்டுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கெட்டால் போவது 75. அதை மீட்க இன்னும் மூன்று கிலோ விற்றாக வேண்டும், அந்த மூன்று கிலோவில் கைக்கு ஒரு காசும் நிற்காது. மீனில் இது இன்னும் கடுமை. செதில், குடல், தலை போக இனத்தைப் பொறுத்து 60 முதல் 70 சதவீதம் தேறும். முள் நீக்கிய சதையாக எடுத்தால் 40 சதவீதம் அளவுதான். கிலோ 60 ரேண்டுக்கு வாங்கிய மீன், சதைத் துண்டாகும்போது கிலோவுக்கு 150 ரேண்ட் அடக்கமாகிவிடுகிறது. தலையையும் நடுமுள்ளையும் குழம்புக்கு விற்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த விலை கட்டுப்படியாகும்.

சட்டம் மூன்று வழிக்கும் ஒன்றே, அதனால் சுருக்கமாக. 2018 ஜூனில் வந்த ஆர் 638 என்ற உணவுச் சுகாதார விதிகளின்படி, உணவு கையாளும் இடத்துக்கு நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி பார்த்துத் தரும் ஏற்புச் சான்றிதழ் வேண்டும். பொறுப்பாளர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். வீட்டுச் சமையலறையில் வெட்டி விற்பது என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். 2000ஆம் ஆண்டின் இறைச்சிப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆடும் கோழியும் அனுமதி பெற்ற அறுப்புக்கூடத்திலிருந்துதான் வர வேண்டும். வேண்டுதலுக்கோ வீட்டுக்கோ அறுத்ததை விலைக்குக் கொடுக்கக் கூடாது. பொழுதுபோக்கு உரிமத்தில் தூண்டில் போடுபவர் பிடித்த மீனை விற்பதும் குற்றம், அவரிடம் வாங்குவதும் ஆபத்து. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அப்படிப் பின்வாசலில் வரும் ஷாட் (shad) மீனைத் தொடாதீர்கள்.

இனி கடை. அதன் பெரிய பலம், வாங்குபவர் கண்ணால் பார்த்து வாங்குகிறார். செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து வாங்கும் அம்மாக்களுக்குப் படத்தில் காட்டும் மீன் போதாது. இன்னொரு பலம் ஆட்டில் தெரியும். 20 கிலோ உடலில் தொடை இரண்டுதான். எல்லோரும் தொடையும் சப்பையும் கேட்டால் கழுத்தும் விலாவும் தேங்கும். காலும் தலையும் குடலும் வேறு கணக்கு. கவுண்டரில் நிற்கும் ஆள் பேச்சோடு பேச்சாகக் கழுத்துக் கறியைச் சேர்த்துத் தள்ளிவிடுவார், ஆட்டுக்கால் கேட்டு வருபவரும் வருவார்.

ஆனால் கவுண்டருக்கு ஒரு சாபம் உண்டு: அது எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். பாதி காலியான தட்டைப் பார்த்தால் பழைய மீன் என்று நினைத்து ஆள் திரும்பிவிடும். நிறைத்து வைத்தாலோ, ஐஸுக்கு மேலே குவிந்திருக்கும் மீன் அறைக் காற்றில் சூடேறுகிறது. கண்ணாடிப் பெட்டியின் மானி 2 டிகிரி காட்டும். மேல் மீனின் சதைக்குள் ஊசி வெப்பமானியைக் குத்தினால் வேறு எண் தெரியும். நம்ப வேண்டியது அந்த எண்ணைத்தான். ஐஸ் மீனுக்கு அடியில் மட்டுமல்ல, மேலும் இருக்க வேண்டும். உருகிய நீர் தேங்காமல் வடிய வேண்டும். இதோடு, கடை வணிக வளாகத்தில் என்றால், சூப்பர்மார்க்கெட்டின் சொந்த இறைச்சிப் பிரிவும் அதே கட்டடத்தில் போட்டிக்கு நிற்கும்.

குளிர்வண்டி பார்க்க மலிவு. அதில் பலருக்குத் தெரியாத குறை ஒன்று: வண்டியின் குளிர்க்கருவி குளிர்ச்சியைக் காப்பாற்றும், சூடான சரக்கைக் குளிர்விக்காது. ஏற்கெனவே 2 டிகிரிக்கு வந்ததைத்தான் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும்போது டர்பன் கோடையின் ஈரக்காற்று உள்ளே போய், குளிர்க்கருவியின் குளிர்க்குழாயில் (ஆவியாக்கி) உறைபனியாகப் படிந்து, குளிர்ச்சியைக் குறைத்துவிடும். கதவில் பிளாஸ்டிக் பட்டைத்திரை போட்டாலும் முழுத் தீர்வில்லை. மாலையில் திரும்பும் மிச்சம், கடையில் மிஞ்சியதைவிட மோசமான நிலையில் இருக்கும். முதல் முறை தொழிலுக்கு வருபவருக்கு வண்டியைப் பரிந்துரைக்க மாட்டோம்.

முன்பதிவு மிச்சத்தை ஏறக்குறைய ஒழிக்கிறது. விற்றதைத்தான் வாங்குகிறீர்கள். செவ்வாய், வெள்ளி கறி தொடாத வீடுகள் நம்மிடையே நிறைய. ஆகவே புதனும் சனியும் விநியோக நாள். சனிக்கு வியாழன் இரவோடு ஆர்டரை மூடி, வெள்ளி வாங்கி, சனி விடியலில் வெட்டி, மதியத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். மீன் இனத்தைக் குறிப்பிட்டு வாக்குக் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் முதல் பிழை. கடல் கொந்தளித்தால் ஸ்கீ போட்டுகள் என்ற சிறு மீன்பிடிப் படகுகள் போகாது. ஆகவே "குழம்புக்கு உறுதியான மீன்", "பொரிக்க மீன்" என்று வகையாக ஆர்டர் எடுங்கள். அன்று கிடைப்பது கேப் சால்மனோ, ஸ்லிங்கரோ, கூட்டா என்று இங்கே அழைக்கும் வஞ்சிரமோ, விலை வரம்பை முன்பே சொல்லிவிடுங்கள். முழு எடையையும் சுத்தம் செய்த எடையையும் சீட்டில் எழுதுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான். ஆட்டுக்கறியைத் தனித்தனிப் பாகமாக விற்காமல், எலும்போடு கலந்த குழம்புக்கறியாக விற்றால் உடல் முழுவதும் தீரும்.

இதன் பலவீனம் வீட்டு வாசலில். ஆள் இல்லாத வீட்டில் வைத்துவிட்டு வந்த பொட்டலம் உங்கள் பெயரைக் கெடுக்கும். முன்பணமும் நேர உறுதியும் இல்லாமல் பெட்டியை ஏற்றாதீர்கள். மீனும் கறியும் தனித்தனிக் காப்புப்பெட்டியில், ஐஸ் பை அடியிலும் மேலும்.

எந்த வழியானாலும் ஐஸில் கஞ்சத்தனம் கூடாது. 25 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவரவே சுமார் 3 கிலோ ஐஸ் உருகும். வெளிச்சூட்டுக்கும் சேர்த்து, நம் கோடையில் கிலோவுக்குக் கிலோ என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. யெல்லோடெயில், ஸ்னூக், சூரை, மத்தி போன்றவை சில மணி நேரம் சூட்டில் கிடந்தாலே ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஊறிவிடும். அதைச் சமைத்தாலும் போக்க முடியாது, உறைய வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தலைவலித்து, வாடிக்கையாளர் மருத்துவமனை போவது இதனால்தான். ஜூன், ஜூலையில் மத்தி கூட்டங்கூட்டமாகக் கரையோரம் வரும் சார்டின் ஓட்டத்தின்போது கடற்கரையில் கூடை கூடையாகக் கிடைக்கும். ஐஸ் கையில் இல்லாமல் அதை வாங்கப் போக வேண்டாம். குளிர்ந்த பச்சை மீனைக் காற்று நீக்கிப் பொட்டலமிடுவதும் தவறு. பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சைத் தரும் கிருமியின் ஒரு வகை காற்றில்லாத இடத்தில் 3.3 டிகிரியிலேயே வளரும். வேக்கம் பொட்டலம் உறைந்த மீனுக்கு மட்டும், உருக்கும்போது பையைத் திறந்துவிட வேண்டும்.

மின்சாரமும் தண்ணீரும் கைவிடும் நாள் இங்கே வரும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் டொங்காட் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. தண்ணீர் இல்லையென்றால் வெட்டக் கூடாது. ஆகவே மூடிய தொட்டி முதல் நாளே வேண்டும். நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. குளிரறைக்கு ஜெனரேட்டர் வாங்கும்போது கம்ப்ரசர் ஓடும் மின்னோட்டத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். அது கிளம்பும்போது இழுப்பது அதைப்போல் பல மடங்கு, அந்த அளவுக்கு வாங்காவிட்டால் தேவைப்படும் அன்று கிளம்பாது.

நாட்காட்டியிலும் மூன்று வழியும் வேறுபடும். செப்டம்பர் நடுவில் புரட்டாசி தொடங்கினால் ஒரு மாதம் விற்பனை படுத்துவிடும். தைப்பூசக் காவடி விரதமும் அப்படியே. கடைக்கு அந்த மாதமும் வாடகை, கவுண்டர் ஆளின் சம்பளம், நிறைக்க வேண்டிய தட்டு. முன்பதிவில் ஆர்டர் குறைந்தால் கொள்முதலும் தானாகக் குறையும். வெட்டுக்கூடத்தைக் கழுவிப் பழுது பார்க்க அதுவே நல்ல காலம். புரட்டாசி முடியும் வாரத்துக்கும் தீபாவளிக்கும் ஆட்டுக்கு மூன்று வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.

எங்கள் தேர்வு முன்பதிவு. சனிக்கிழமைப் பட்டியலில் அதே வீடுகள் வாராவாரம் வந்து, காலும் குடலும் தலையும் கேட்டு ஆள் வெட்டுக்கூடத்து வாசலுக்கே வரத் தொடங்கும்போது, அங்கேயே இரண்டு மீட்டர் கவுண்டர் ஒன்று போடலாம். அதற்குமுன் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும் பணத்தில் ஐஸ் இயந்திரத்தை வாங்குங்கள்.